இருக்கேன் என்று சொல்லும் பெட்டி

பதினோரு வருஷத்தில் அவருடைய நாற்காலி மூன்று முறை மாறியது. தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறி மாறியது. மேலதிகாரிகள் ஐந்து பேர் மாறினார்கள். மாறாமல் நிரந்தரமாக நின்றது அவருடைய பட்டப்பெயர் ஒன்றுதான்: டெம்பரவரி.

தொலைக்காட்சி விநியோக வாரியத்தில் அவர் டெக்னீஷியன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் தற்காலிக ஊழியர். ஒவ்வொரு ஆறாம் மாதமும் கடைசி வாரத்தில் அவர் தலைமைப் பொறியாளரின் கதவோரம் நிற்கும் நிற்பைப் பார்த்தால், கடைசி பஸ் போய்விட்டதா இல்லையா என்று தெரியாமல் நிற்பவர் மாதிரி இருக்கும்.

வாரியத்தின் வேலை என்னவோ எளிதுதான். நாற்பது சானல்களும் தரைத்தளத்து அறையில் இருக்கும் ஒரு பெட்டிக்குள் வந்து சேரும். பெட்டி அவற்றைப் பொடிப்பொடியாக நறுக்கி நெட்வொர்க்கில் ஒரு முகவரிக்கு வீசும். எந்த வீட்டுக்கு வேண்டுமோ அந்த வீடு அந்த முகவரியில் கை நீட்டி வாங்கிக்கொள்ளும். மல்டிகாஸ்ட் என்று பெயர். ஏலக்காரர் ஒரு தடவை கூவினால் சந்தையில் காது உள்ளவர்கள் எல்லாரும் கேட்டுக்கொள்வது போல. ஆளுக்கு ஆள் தனியாகப் போய்க் கூவ வேண்டாம். வசதிதான். ஏலக்காரருக்குத் தொண்டை கட்டினால் மட்டும் சந்தை முழுக்க ஊமையாகிவிடும்.

போன வருஷம் தொண்டை கட்டியது. கால்பந்து இறுதி ஆட்டம். சமநிலை. கடைசி பெனால்ட்டி. ஆட்டக்காரர் பந்தை வைத்துவிட்டு நாலடி பின்னால் போனார், திரும்பினார், ஓடி வந்தார். திரை கறுத்தது.

வாரியத்துக்கு எதிரே சதுக்கத்தில் பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருந்த ஆறாயிரம் பேர் முதல் நிமிஷம் பொறுத்தார்கள். இரண்டாம் நிமிஷம் கல் தேடினார்கள். வாரியத்தின் கண்ணாடிக் கதவுக்குக் குறிவைத்த கற்களில் பாதி, குறி தவறி எதிர்ச்சாரிக் கடைகளுக்குள் போய் விழுந்தன. அந்த வரிசையில் நாலாவது கடை கட்பீஸ் துணிக்கடை. நடத்துவது டெம்பரவரியின் மனைவி. இடது புருவத்துக்கு மேலே அவளுக்கு ஐந்து தையல் போட வேண்டி வந்தது. வாடிக்கைக்காரப் பெண்கள் இன்றைக்கும் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "நெருக்கமா, சுத்தமா இருக்கே, எந்த டெய்லர்?" என்பார்கள். அவளும் சிரிப்பாள். டெம்பரவரி மட்டும் சிரிக்கமாட்டார்.

கண்ணாடி உடைந்த மறுநாள் அவர் ஒரு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாரியத்தின் பழைய கட்டிடம் இருக்கிறது. அங்கே, வேறு மின்சாரத்தில், இன்னொரு பெட்டி. அதே சானல்கள், அதே முகவரி. ஆனால் அது வாயை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருக்கும். முதல் பெட்டி நொடிக்கு ஒருமுறை 'இருக்கேன்' என்று ஒரு சின்னக் குரல் கொடுக்கும். மூன்று நொடி அந்தக் குரல் வரவில்லையென்றால் இரண்டாவது பெட்டி கூவ ஆரம்பித்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் ஒரு தும்மல் போடும் நேரம். அவ்வளவுதான். ஒரு வார வேலை.

வாரியம் ஒன்பது பேர் குழு அமைத்தது. மூன்றாம் மாடியில், திரை போட்ட ஜன்னல்களுக்குப் பின்னால், குழு பத்து மாதம் கூடியது.

முதல் கூட்டத்திலேயே, கணக்குக்கு அல்ல, நடைமுறைக்கு மட்டும் பொறுப்பான தணிக்கை மேடம் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்: "ரெண்டாவது பெட்டி எந்த விதிப்படி வேலை பாக்கும்?"

"விதின்னா மேடம்..."

"ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் பொறுப்பா பாக்கணும்னா, முதல் ஆள் லீவுல இருக்கணும். லீவ் லெட்டர் இருக்கணும். லெட்டர் இல்லாம பொறுப்பு எப்படிங்க மாறும்?"

"அது பெட்டி மேடம். திடீர்னு கெட்டுப் போகும். எப்படி முன்கூட்டியே லெட்டர் குடுக்கும்?"

"திடீர்னு ஒடம்பு சரியில்லாம போறவங்க மறுநாள் வந்து குடுக்கறாங்க இல்ல? அதுவும் சரியானதுக்கு அப்புறம் குடுக்கட்டும்."

குழு தலையாட்டியது. பெட்டி சார்பாகக் கையெழுத்திட ஓர் உதவியாளர் நியமிக்கப்பட்டார். மூன்று பிரதிகளில் படிவம் அச்சாகி வந்தது. 'கெட்டதற்கான காரணம்' என்று ஒரு கட்டம். 'இனி கெடாதிருக்க உறுதிமொழி' என்று ஒரு கட்டம்.

இவ்வளவையும் டெம்பரவரி பொறுத்துக்கொண்டார். படிவம் படிவத்தோடு போகும், பெட்டி பெட்டியோடு இருக்கும் என்று நினைத்தார். ஐந்தாம் மாதம் இரண்டாவது பெட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தது. 'இருக்கேன்' குரல் போய் வந்தது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு நடந்தே போனார். சந்தோஷம் வந்தால் அவருக்கு பஸ் பிடிக்காது.

தப்பு எங்கே தொடங்கியதென்றால், அந்தக் குரலைத் தணிக்கை மேடம் ஒரு திரையில் பார்த்துவிட்டார். நொடிக்கு ஒன்று, வரிசையாக, 'இருக்கேன்', 'இருக்கேன்', 'இருக்கேன்'. முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் பார்த்த மிக அழகான விஷயம் அது.

"இது வருகைப் பதிவேடு!" என்றார்.

"இல்ல மேடம், இது வந்து..."

"எனக்கு மெஷின் தெரியாதுங்க. தெரிஞ்சா நடுநிலையா தணிக்கை பண்ண முடியாது. ஆனா வருகைப் பதிவேடு தெரியும்."

அடுத்த வாரமே மெமோ வந்தது. முதல் பெட்டி செவ்வாய்க்கிழமை ஒரு நொடியும் வெள்ளிக்கிழமை இரண்டு நொடியும் 'இருக்கேன்' சொல்லவில்லை. நெட்வொர்க்கில் ஒன்றிரண்டு நொடி தவறுவது சகஜம். அதற்காகத்தான் மூன்று நொடி வரை பொறுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் மெமோவில் 'பணி நேரத்தில் முன் அனுமதியின்றி இல்லாமை' என்று இருந்தது. விளக்கம் தர வேண்டியவர் தலைமைப் பொறியாளர்.

தலைமைப் பொறியாளர் மென்மையான மனிதர். யாரையும் திட்டமாட்டார். குரலை உயர்த்தமாட்டார். டெம்பரவரியை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக உட்காரச் சொன்னதால் அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"தம்பி, நம்ம ஆபீஸ்ல ஒருத்தர் வர லேட்டானா என்ன பண்ணுவோம்?"

என்ன பண்ணுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பக்கத்து மேஜைக்காரர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவார். இதில் வஞ்சகம் ஏதும் இல்லை. அன்பு. இன்றைக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு. இரண்டாம் மாடியில் ஒரு குமாஸ்தா மற்றவர்களுக்காகக் கையெழுத்துப் போட்டுப் போட்டுத் தன் சொந்தக் கையெழுத்தையே மறந்துபோயிருந்தார்.

"முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல நான் ஒருநாள் ஆப்சென்ட் இல்ல," என்றார் தலைமைப் பொறியாளர் பெருமையாக. "நான் வராத நாள்ல கூட இருந்திருக்கேன். மனுஷனுக்குப் பண்றதை மெஷினுக்குப் பண்ணக் கூடாதா? ஒரு சின்னப் பெட்டி செய். என் ரூம்லயே இருக்கட்டும். அதுக்கு வேற வேலையே வேண்டாம். முதல் பெட்டிக்காக அது 'இருக்கேன் இருக்கேன்'னு சொல்லிட்டே இருக்கட்டும்."

டெம்பரவரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"சார், அப்புறம் முதல் பெட்டி செத்தாலும் இது இருக்கேன்னு சொல்லும். ரெண்டாவது பெட்டி அதை நம்பிட்டு வாயே திறக்காது. நாம செஞ்சதுக்கே அர்த்தம் இல்லாம போயிடும் சார்."

"வாயைத் திறக்காம இருந்தா நல்லதுதானே? ரெண்டாவது பெட்டி பேசினாலே முதல் பெட்டி கெட்டுப்போச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். அது கடைசி வரைக்கும் பேசாம இருக்கறதுதான் வாரியத்துக்கு கௌரவம்." மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பைலை எடுத்து வைத்தார். "உன் பெர்மனென்ட் பைல். இந்தத் திட்டத்தோட பைலும் இதுவும் ஒரே நாடாவுல கட்டியிருக்கேன். பாரு. இது நகர்ந்தா அதுவும் நகரும்."

டெம்பரவரி பெட்டி செய்தார்.

சின்னப் பெட்டி தலைமைப் பொறியாளரின் மூன்றாம் மாடி அறையில், கரண்ட் போனாலும் நிற்காதபடி அவருடைய சொந்த யுபிஎஸ்ஸில், மேஜைக்கு அடியில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து முதல் பெட்டியின் வருகை நூறு சதவீதம். வாரியத்தின் வரலாற்றில் மனிதரோ மெஷினோ எட்டாத உயரம். தணிக்கை மேடம் அதற்கு ஒரு விருதுக்குப் பரிந்துரைத்தார். அந்த மாடித் தாழ்வாரத்து அலமாரியில், சின்னப் பெட்டியின் குரல் போகும் வழியில், அதை வாங்கி வெளியே அனுப்பும் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் இருந்தது. அதற்கும் ஒரு யுபிஎஸ் வேண்டும் என்று டெம்பரவரி பழக்கதோஷத்தில் கடிதம் எழுதினார். 'அத்தியாவசியமன்று' என்று திரும்பி வந்தது.

ஒரு தடவையாவது சோதனை பண்ணிப் பார்க்கலாமா என்று கேட்டார். சர்க்குலர் வந்தது, அதில் பெட்டிக்கு மூலம் என்று பெயர்: 'முதல் மூலம் நிற்காது என வாரியம் ஏற்கெனவே சான்றளித்துள்ளது. நிற்காத ஒன்றை நிறுத்திப் பார்ப்பது சான்றை அவமதிப்பதாகும்.'

பிறகு சான்றிதழ் வந்தது. 'இரண்டாம் மூலம் உரிய நேரத்தில் பொறுப்பேற்கும் எனப் பரிசோதித்து உறுதி செய்கிறேன்.' கீழே கோடு. கோட்டுக்குக் கீழே அவர் பெயர், இந்த முறை முழுப் பெயர். அதைத் தட்டச்சில் பார்த்தே வருஷங்களாகியிருந்தன. அந்த மயக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதாகப் பிற்பாடு மனைவியிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. பயத்தில் போட்டார் என்பதுதான் நிஜம்.

"ஒரு மீட்டர் துணி வாங்க வர்றவங்க கூட விரிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கறாங்க," என்றாள். "நீங்க சுருட்டி வச்சதையே வித்துட்டு வந்திருக்கீங்க."

இந்த வருஷ இறுதி ஆட்டம் வந்தது. வாரியத்தின் தலைவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவருக்கு யோசனை தோன்றினால் கீழே உள்ளவர்கள் குடும்பத்துக்கு போன் பண்ணுவது வழக்கம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, நகரமே பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முதல் பெட்டியின் மின்கம்பியைத் தன் கையாலேயே பிடுங்குவார். படம் நிற்காது. போன வருஷம் கல் எறிந்தவர்கள் கை தட்டுவார்கள்.

"சான்றிதழ் இருக்கு இல்ல?" என்று கேட்டாராம். "இருக்கு சார்" என்றாராம் தலைமைப் பொறியாளர். இரண்டு பேரும் உண்மையைத்தான் பேசினார்கள்.

ஆட்டத்தன்று காலை டெம்பரவரியின் மனைவி கடைக்கு முன்னால் சாவியோடு நின்றாள். பக்கத்தில் அவர். சதுக்கத்தில் திரையைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, ஒரே ஒரு கேள்வி. கடையைத் திறக்கட்டுமா, வேண்டாமா?"

"சான்றிதழ்ல நான்..."

"வாரியத்துக்கு என்ன சொன்னீங்கன்னு கேக்கல. எனக்கு என்ன சொல்றீங்க?"

அவர் அவளுடைய புருவத்துக்கு மேலே பார்த்தார். ஐந்து தையல். பத்து மாதக் குழுவும், மூன்று பிரதிப் படிவமும், சர்க்குலரும் அந்த ஐந்து தையலுக்கு முன்னால் நிற்கவில்லை.

"திறக்காதே," என்றார். "வீட்டுக்குப் போயிடு."

அவள் சண்டை போடவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "வீட்டுக்கு எப்படிப் போறது? பின்பக்கச் சுவரு வரைக்கும் சரக்கு அடுக்கியிருக்கு, விட்டுட்டுப் போனா யாரு காவல்? நான் உள்ளேயே இருக்கேன், ஷட்டரை உள்பக்கமா பூட்டிக்கறேன்," என்றாள். பிறகு பக்கத்து பட்டன் கடைக்காரரிடம் போய் இரண்டு வார்த்தை சொன்னாள். பட்டன் கடைக்காரர் பாத்திரக் கடைக்காரரிடம் சொன்னார். மத்தியானத்துக்குள் எதிர்ச்சாரி முழுக்க ஷட்டர் இறங்கிவிட்டது. வாரியத்தின் சான்றிதழைவிடக் கடைவீதிப் பேச்சு வேகமாகச் சுற்றும்.

மூன்றாம் மாடி அரங்கில் விழா. தரைத்தளத்துப் பெட்டிக்குப் போகும் மின்கம்பியைப் படிக்கட்டு வழியாக மேடை வரைக்கும் இழுத்து வந்து, பிளக்கில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். பெட்டி இப்போது அந்தக் கம்பியில்தான் உயிரோடு இருந்தது. ஒரு தடவை அணைந்தால் மறுபடி எழுந்து நிற்க அதற்கு இருபத்தைந்து நிமிஷம் ஆகும். ஆட்டம் அதற்குள் முடிந்துவிடும்.

தலைவர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். "என்ன, கடையெல்லாம் மூடியிருக்கு?"

"நம்பிக்கை சார்," என்றார் தலைமைப் பொறியாளர். "நம்ம ஒளிபரப்பைப் பாக்கறதுக்காகவே கடையை மூடிட்டு வந்திருக்காங்க."

தலைவர் அதைத் தன் பேச்சில் சேர்த்துக்கொள்ள ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார்.

டெம்பரவரி தலைமைப் பொறியாளரின் நாற்காலிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். "சார், உங்க ரூம் சாவியைக் குடுங்க. ரெண்டே நிமிஷம்."

"எதுக்குப்பா?"

"சின்னப் பெட்டியை நிறுத்திடறேன். நிறுத்தினாத்தான் இவர் பிடுங்கினதும் ரெண்டாவது பெட்டி பேசும்."

"நிறுத்தினா வருகை குறையுமே." தலைமைப் பொறியாளர் நிகழ்ச்சி நிரலை விரித்துக் காட்டினார். "ஆறாவது, கம்பி பிடுங்குதல். ஏழாவது, முதல் பெட்டிக்கு நூறு சதவீத வருகை விருது. விருது வாங்கற வரைக்கும் அது இருந்தாகணும்."

"அப்போ ஏழாவதை முன்னாடி பண்ணிடுங்க சார். கெஞ்சிக் கேக்கறேன். என் மனைவி கீழ கடைக்குள்ள இருக்கா."

"நிரல் அச்சடிச்சாச்சு தம்பி." அவர் நிஜமாகவே வருந்தினார். "அச்சடிக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?"

தலைவர் மைக்கைப் பிடித்தார். "நண்பர்களே! முன்பெல்லாம் நம் வாரியத்தில் ஓரிடத்தில் கெட்டால் எல்லாம் கெட்டுவிடும். இன்று அந்த நிலை மாறிவிட்டது. இனி இரண்டு இடத்தில் கெட்டால்தான் எல்லாம் கெடும். இது நூறு சதவீத வளர்ச்சி!" கைதட்டல். "போன வருஷம் மக்கள் நம் மீது கல்லெறிந்தார்கள். ஏன்? நம் மீது எதிர்பார்ப்பு இருந்தது. எதிர்பார்ப்பைக் குறைப்பதற்கான பணிகளும் ஒரு பக்கம் நடந்து வருகின்றன. இன்று பாருங்கள், வணிகப் பெருமக்கள் கடையைப் பூட்டிவிட்டு வந்து..."

வெளியே எண்பத்து மூன்றாம் நிமிஷம். சமநிலை. சதுக்கத்தில் ஆறாயிரம் பேரும் ஒரே தொண்டையில் மூச்சை இழுக்கும் சத்தம் கண்ணாடி வழியாகக் கேட்டது. தலைவர் ரிப்பனைப் பிடித்தார். கேமராவுக்குச் சிரித்தார். பிடுங்கினார்.

அரங்கத்தின் ஓரத்துத் திரை கறுத்தது.

டெம்பரவரி மனதுக்குள் எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. பத்து. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டாவது பெட்டி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது. அதன் காதில் 'இருக்கேன்', 'இருக்கேன்' என்று தெளிவாக விழுந்துகொண்டிருந்தது.

"ஏன் படம் வரல?" என்றார் தலைவர், கையில் பிளக்கோடு.

தணிக்கை மேடம் தன் பதிவேட்டுத் திரையைப் பார்த்தார். "வருதே சார். முதல் பெட்டி பணியில் இருக்கு."

"அதோட கம்பி என் கையில இருக்கும்மா!"

"பதிவேட்டுல இருக்குன்னு இருக்கு சார்."

தலைவர் பிளக்கைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷ அனுபவம் அவருக்கு. எதை நம்புவது என்பதில் கொஞ்ச நேரம் நிஜமாகவே குழம்பினார். "அப்போ படம் வந்துட்டுத்தான் இருக்கணும்," என்றார் கடைசியில். "இந்த டிவி கெட்டுப்போச்சு. வேற டிவி கொண்டு வாங்க."

மூன்று பேர் வேறு டிவி கொண்டு வர ஓடினார்கள். கீழே முதல் உறுமல் கேட்டது. டெம்பரவரிக்கு அந்தச் சத்தம் தெரியும். போன வருஷம் கேட்டது. இரண்டாவது நிமிஷத்தின் சத்தம். அவர் ஜன்னலுக்கு ஓடினார். கூட்டத்தின் முன்வரிசை திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. யாரோ குனிந்தார். யாரோ நிமிர்ந்தார். நாலாவது கடை ஷட்டரில் ஏதோ மோதி ஒலித்தது.

"சார், சாவி!"

"ஏழாவது முடியட்டும்ப்பா," என்றார் தலைமைப் பொறியாளர், மேடையைப் பார்த்துக்கொண்டே. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

டெம்பரவரி தாழ்வாரத்துக்கு ஓடினார். அறைக்கதவைத் தோளால் இடித்தார். தேக்குக் கதவு. வாரியத்தில் உறுதியாக இருந்த ஒரே பொருள் அது. மறுபடி இடித்தார். உள்ளேயிருந்து யுபிஎஸ்ஸின் மெல்லிய விசில் கேட்டது. கீழே இரண்டாவது கல், மூன்றாவது கல். கதவோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். எதிர்ச்சுவரில் அந்த மாடியின் மெயின் சுவிட்ச். அதற்கு அடியில் அலமாரி. அலமாரிக்குள் அந்த நெட்வொர்க் சுவிட்ச். யுபிஎஸ் அத்தியாவசியமன்று என்று வாரியம் முடிவெடுத்திருந்த சுவிட்ச்.

பதினோரு வருஷத்தில் வாரியம் அவருக்கு மறுத்த ஒன்றுக்காக முதல் முறையாக நன்றி சொன்னார். மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்தார்.

மாடி முழுக்க அணைந்தது. தலைவரின் மைக் நடு வாக்கியத்தில் இறந்தது. மின்விசிறிகள் சோம்பலாக நின்றன. பூட்டிய அறைக்குள் சின்னப் பெட்டி மட்டும், யாருக்கும் கேட்காமல், தனக்குத்தானே இருக்கேன் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

சதுக்கத்திலிருந்து ஒரு பெருஞ்சத்தம் எழுந்தது. எந்த வகைச் சத்தம் என்று ஒரு கணம் அவருக்குப் பிடிபடவில்லை. ஜன்னலுக்குப் போனார். திரையில் பச்சை மைதானம். கூட்டம் கல்லைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. கோல்.

நாலாவது கடை ஷட்டர் ஒரு முழம் உயர்ந்தது. அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. கையில் ஒரு மஞ்சள் கட்பீஸ். அது இரண்டு தடவை ஆடிவிட்டு உள்ளே போனது.

விசாரணை நாலு நாள் நடந்தது. பதிவேடுதான் சாட்சி. பதிவேட்டின்படி தலைவர் கம்பியைப் பிடுங்கிய நிமிஷத்திலும், அதற்கு அடுத்த நாலு நிமிஷத்திலும் முதல் பெட்டி பணியில் இருந்தது. ஆகவே அந்த நாலு நிமிஷமும் படம் இருந்தது. அதைக் காணத் தவறியது பார்வையாளர்களின் கவனக்குறைவு. முதல் பெட்டி நின்றது, டெம்பரவரி மெயின் சுவிட்சை இழுத்த நொடியில்தான். மூன்றே நொடியில் இரண்டாவது பெட்டி பொறுப்பேற்றது. திட்டம் முழு வெற்றி. குழுவுக்குப் பாராட்டு. நூறு சதவீத வருகையை விருதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கெடுத்த ஊழியர் மீது கடும் நடவடிக்கை.

"இடைநீக்கம் பண்ணிடலாம்," என்றார் தலைவர்.

தணிக்கை மேடம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "முடியாது சார். தற்காலிக ஊழியரை இடைநீக்கம் பண்ண விதி இல்ல. நிரந்தர ஊழியரைத்தான் பண்ணலாம்."

"அப்போ விட்டுடறதா?"

"விடக் கூடாது சார். முதல்ல நிரந்தரமாக்கிடுவோம்."

காலை பதினொரு மணிக்கு ஓர் ஆணை, மத்தியானம் இரண்டு மணிக்கு ஓர் ஆணை. தலைமைப் பொறியாளர் இரண்டையும் ஒரே நாடாவில் கட்டிக் கொடுத்தார். "சொன்னேன் இல்ல, இது நகர்ந்தா அதுவும் நகரும்னு," என்றார். கண்ணில் நிஜமாகவே ஈரம்.

கடைசியாக ஒரு வேலையும் கொடுத்தார்கள். இதுபோல் மறுபடி நடக்காதிருக்க, சின்னப் பெட்டி நின்றால் 'இருக்கேன்' சொல்ல இரண்டாவது சின்னப் பெட்டி ஒன்று. தணிக்கை மேடத்தின் அறையில், வேறு மின்சாரத்தில். தாழ்வாரத்து சுவிட்சுக்கு யுபிஎஸ் ஒரே நாளில் வந்துவிட்டது. அதைப் பதினோரு தடவை சோதனை பண்ணச் சொன்னார்கள். பதினோரு தடவையும் ஒரு நொடி கூடப் பிசகவில்லை. வாரியத்தில் அவர் செய்து முடித்தவற்றில் மிகச் சுத்தமான வேலை அதுதான்.

இடைநீக்கத்தில் இருப்பவர் தினமும் பத்து மணிக்கு வந்து பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். முதல் நாள் ரோட்டைத் தாண்டிப் போனார். இரண்டாம் மாடிக் குமாஸ்தா தடுத்துவிட்டார். "நீங்க ஏன் சார் வெயில்ல வர்றீங்க? நான் போட்டுடறேன்." அன்பு.

ஒரு வாரம் கழித்து, கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது எதிர்க்கட்டிட ஜன்னலிலிருந்து அதே குமாஸ்தா கையை வாயில் குவித்துக் கத்தினார். "டெம்பரவரி சார்! போட்டாச்சு!"

மனைவி துணியைப் பிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். நெளிந்த ஷட்டரை இன்னும் தட்டி நிமிர்த்தவில்லை.

"என்ன போட்டாச்சாம்?"

"நான் ஆபீஸ்ல இருக்கேன்னு."

அவள் அந்தக் கட்டிடத்தைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலைப் பார்த்தாள்.

"அடுத்த வருஷமும் பைனல் வரும். அன்னைக்குக் கடையைத் திறக்கலாமான்னு அங்க இருக்கற உங்களைக் கேக்கணுமா, இங்க இருக்கற உங்களைக் கேக்கணுமா?"

"இங்க."

"அப்போ சரி." துணியின் ஒரு முனையை அவர் மடியில் எறிந்தாள். "இழுத்துப் பிடிங்க. வாங்கறவங்க முன்னாடி விரிச்சுத்தான் அளக்கணும்."

அவர் பிடித்தார்.